ஒரு முழம் நீண்ட துரட்டி

என் வீட்டுக்காரர் சாம்சன் கட்டிய மூட்டையை மூன்றாவது முறையாக அவிழ்த்தார். வாசலில் ரசூலின் குட்டியானை வண்டி ஒரு மணியிலிருந்து நிற்கிறது. இப்போது மணி மூன்று.

என் தம்பி பவுல்பாண்டியன் எண்பது ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு நேற்றே சங்கரன்கோவிலைத் தாண்டிவிட்டான். திருவேங்கடம் பக்கம் ஒரு கரிசல் காட்டில், உரத்துக்காக ராத்திரி ஆடுகளை அடைத்துவைக்கும் கிடை இன்றுதான் ஆரம்பம். வலையும் முளைக்கம்பும் பொழுது அடையுமுன் போய்ச் சேராவிட்டால் ஆடுகள் பக்கத்துப் பருத்தியில் இறங்கிவிடும். காட்டுக்காரர் வேறு கிடையைக் கூப்பிட்டுக்கொள்வார். இந்த வருஷப் பிழைப்பு அத்தோடு சரி.

பதினெட்டு வருஷமாகக் கிடைக்கு என் வீட்டுக்காரர்தான் போவார். இந்த முறை முழங்கால் வீக்கம், அதனால் நான் போகிறேன். தென்காசி ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய்வந்தவர், மூன்று மாதத்தில் சரியாகிவிடும் என்றார். அதற்காக என்னை இப்படிப் படுத்த வேண்டுமா?

முதலில் வலையில் ஒரு கண் அறுந்திருக்கிறது என்று அவிழ்த்தார். பிறகு சாணைக்கல் அடியில் போய்விட்டதாம், கைக்கு எட்டுகிற மாதிரி மேலே இருக்க வேண்டுமாம். இப்போது துரட்டி. வேலமரத்து நெத்துக்காயை ஆடுகளுக்கு அறுத்துப் போடுகிற அந்த நீளக் கம்பில் போன வாரம்தான் ஒரு முழ மூங்கிலை ஒட்டுப்போட்டு, ஊறவைத்த தோல்வாரால் இறுக்கியிருந்தார். வார் இறுக்கிய அந்த இடத்தை மறுபடி தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எத்தனை மட்டம் அவிழ்ப்பீங்க? நல்லா இருந்த கம்பை நீட்டிக் கெடுத்தாச்சு. வண்டியில கூட அடங்க மாட்டேங்கு.”

“வார் காஞ்சிருக்கான்னு பாக்குதேன். செத்த பொறுட்டி.”

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். எனக்கு இந்த மூட்டைதான் மிச்சம்.

போன வாரமும் இப்படித்தான். கொடியில் சேலை காயப்போட்டுக்கொண்டிருந்தேன். “கையை அப்படியே தூக்கிக்கிட்டு நில்லு” என்றார். ஒரு கயிற்றை என் உள்ளங்கையிலிருந்து தரை வரை பிடித்துப் பார்த்தார். இந்த வயதில் என்ன விளையாட்டு என்று திட்டிவிட்டு உள்ளே போனேன்.

ரசூல் இறங்கி வந்தான். “அக்கா, கம்பு பின்னால நீட்டிக்கிட்டு நிக்கி. சிவப்புத்துணி கட்டாம ரோட்டுல போக முடியாது.”

வேறு துணி அகப்படவில்லை. கிறிஸ்துமஸுக்கு எடுத்த ரவிக்கைத் துணியைக் கிழித்துக் கொடுத்தேன். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் வண்டியில் ஏறினேன்.

போய்ச் சேர்ந்தபோது நாலரை. நானும் தம்பியும் ஓடி ஓடி முளையடித்து வலையைக் கட்டி முடிக்கவும் பொழுது சாயவும் சரியாக இருந்தது. வலையில் அறுந்த கண்ணை அவர் முடிந்து சரிசெய்திருந்தார். குட்டிகளுக்கு நெத்து வேண்டுமே என்று துரட்டியைத் தூக்கிக்கொண்டு வேலமரத்தடிக்குப் போனேன்.

கையை உயர்த்தினேன். கொக்கி நேராக உச்சிக் கிளையில் போய் மாட்டியது. எக்க வேண்டியிருக்கவில்லை. என் கை பிடித்த இடத்தில் மூங்கிலைச் சீவி மெல்லிசாக்கி, சொரசொரப்பில்லாமல் தேய்த்து வைத்திருந்தார். அவர் என்னைவிட ஒரு முழம் உயரம். கொடியடியில் அவர் பிடித்த கயிறு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

போன் போட்டேன்.

“கிடை போட்டாச்சு. கம்பு நல்லாத்தான் எட்டுது. சொல்லித் தொலைச்சா என்ன?”

“எட்டுதுல்லா? அப்ப சரி.”

“உங்களுக்குத்தான் இது தோதுப்படாது. மூணு மாசம் கழிச்சு நீங்க வரும்போது ஒட்டை வெட்டி எடுத்துருவோம்.”

  

“வெட்ட வேண்டாம் எப்சிபா” என்றார். “மூணு மாசம்னு சும்மாதான் சொன்னேன். அது இனி உன் கம்பு.”