தலை மாறிய தகடு

நாளை முடிசூட்டு விழா. விழாப் படம் அச்சிடப் புதுத் தகடு செதுக்க மூன்று மாதம் பிடிக்கும். அரண்மனை உத்தரவு வந்தபோது கையில் இருந்ததோ மூன்றே நாள். செதுக்குக்காரி துணிந்து குறுக்குவழியில் இறங்கிவிட்டாள். போன மாதம் காலமான ராஜாவின் செப்புத் தகட்டை எடுத்து, தலையை மட்டும் வழித்துவிட்டு, அதே அங்கியின் மேல் அவர் மகளின் முகத்தைச் செதுக்கினாள். கிரீடம், செங்கோல், கைக்கடியில் பூமி உருண்டை, காலடியில் சிங்கம், எல்லாம் அப்படியே.

"ஆளைத்தானே மாத்துறோம், அதிகாரத்தை இல்லையே" என்று சிரித்தார் அச்சு இயந்திரத்தைச் சுழற்றும் கணவர்.

"சிரிச்சது போதும், மையப் பூசுங்க. ஒரு தப்பு வந்தாலும் அரண்மனை வேலை எதிர்க்கடைக்குப் போயிடும்."

தாளை உரித்து எடுத்ததும் இருவருக்கும் தலைகால் புரியவில்லை. அப்படியொரு முகம்! மை காயக்கூடப் பொறுக்காமல் அரண்மனைக்கு ஓடினார்கள்.

செயலாளர் பட்டியலும் கையுமாக உட்கார்ந்திருந்தார். "கிரீடம் சரி. செங்கோல் சரி. சிங்கம் சரி." சட்டென்று குனிந்தார். "இது யாரு கை?"

உருண்டையின் மேல் ஒரு முரட்டு ஆண் கை. புடைத்த முட்டிகள், கோணல் சுண்டுவிரல். மூன்று நாளும் முகமே கதியென்று கிடந்தவள் கையை மறந்தே போயிருந்தாள். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எதிர்க்கடைக்கு ஆள் அனுப்புங்க" என்றார் செயலாளர்.

அறையின் மறுகோடியில் தையற்காரர்கள் நடுவே நின்றிருந்த இளவரசி, ஊசிகள் குத்திய அங்கியோடு வந்து படத்தை வாங்கினார். பத்தொன்பது வயது. கிரீடத்தைப் பார்க்கவில்லை, தன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"அப்பா கை."

"மன்னிக்கணும் இளவரசி, ஒரே ராத்திரியில மாத்திடுறேன்" என்று செதுக்குக்காரி குழறினாள்.

"தொட்டுடாதீங்க!" அறையே அதிர்ந்தது. பிறகு குரல் தாழ்ந்தது. "காலையிலேருந்து செங்கோல், உருண்டைன்னு ஒவ்வொண்ணாக் கையில குடுத்துப் பாக்குறாங்க. எதப் பிடிச்சாலும் நடுங்குது. இந்தக் கை இருக்கட்டும். ஆயிரம் பிரதி போடுங்க."

அந்தக் கோணல் விரலின் மேல் இளவரசி தன் விரலை வைத்தார். ஈர மை ஒட்டிக்கொண்டது. செயலாளர் கைக்குட்டையை நீட்டினார், வாங்கவில்லை.

செதுக்குக்காரிக்கு ஆனந்தத்தில் கத்த வேண்டும்போல் இருந்தது. கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். வாசலில் ஒருகணம் திரும்பிப் பார்த்தாள்.

மை படிந்த கையால் இளவரசி செங்கோலை எடுத்திருந்தார். கை நடுங்கவில்லை.