கார்பதோஸிலிருந்து ஐந்து நிமிடம்

ஃபோதினி கணவனின் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டாள். விமானத்தின் சக்கரங்கள் கார்பதோஸ் தீவின் தரையைத் தொட்டபோதே நிகீதாஸின் மூச்சு நின்றுவிட்டது. அவன் கையைப் பிடித்திருந்தவளுக்கு அது தெரியும். வேறு யாருக்கும் தெரியக் கூடாது.

ரோட்ஸ் தீவு ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். நம் வீட்டுக் கட்டிலில்தான் சாவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான் மனுஷன். இன்னும் ஒரே ஒரு தாவல்தான். இங்கிருந்து சொந்த ஊரான காசோஸ் தீவுக்கு ஐந்து நிமிடம், அடுப்பில் வைத்த காபி பொங்குவதற்குள் போய்விடலாம். ஆனால் பிணம் என்று தெரிந்தால் இங்கேயே இறக்கிவிடுவார்கள். அப்புறம் பெட்டி, கப்பல். இந்தக் காற்றில் கப்பல் எப்போது வருமென்று கப்பல்காரனுக்கே தெரியாது. பாவி, ஐந்து நிமிடம் பொறுத்திருக்கக் கூடாதா!

சிலர் இறங்கினார்கள், சிலர் ஏறினார்கள். ஏறியவர்களில் மினாஸைக் கண்டதும் அவள் கணவனின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். பக்கத்து வீட்டுக்காரன், ஊரறிந்த ஓட்டை வாய். காபிக்கடையில் பகடை ஆட்டத்தில் மூண்ட சண்டைக்குப் பிறகு நிகீதாஸும் அவனும் வருஷக்கணக்காக முகம் பார்த்ததில்லை. இத்தனை இடம் காலியாக இருந்தும் நடைவழிக்கு அந்தப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தான்.

பணிப்பெண் வந்தாள். "ஐயாவுக்கு முடியலையா? தண்ணி தரட்டுமா?"

"தூங்குறாரு."

"மொகமெல்லாம் வெளுத்திருக்கேம்மா. ஐயா... ஐயா..." தோளைத் தொடக் குனிந்தாள். ஃபோதினி குறுக்கே கையை நீட்டினாள்.

மினாஸ் எட்டிப் பார்த்தான். நிகீதாஸின் வாயைப் பார்த்தான், கையைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். முடிந்தது கதை என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அவன எழுப்பாதம்மா, புண்ணியமாப் போவும்!" என்றான் மினாஸ் உரக்க. "என் மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னு தூங்குற மாதிரி நடிக்கிறான். டேய் நிகீதா, அன்னைக்கும் அழுகுணி ஆட்டம், இன்னைக்கும் அழுகுணி ஆட்டமாடா?" கடைசிச் சொல்லில் அவன் குரல் உடைந்தது.

பணிப்பெண் சிரித்துக்கொண்டே நகர்ந்தாள்.

விமானம் கிளம்பியதும் எல்லோரும் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்கள். காற்று தூக்கிப் போட்டது. நிகீதாஸின் தலை சரிய, அவள் தோளைக் கொடுத்துத் தாங்கினாள். மினாஸ் ஓயவில்லை. ஆட்டைப் பற்றி, புதுப் பாதிரியாரைப் பற்றி, நிகீதாஸின் கஞ்சத்தனத்தைப் பற்றி வாய் வலிக்கத் திட்டினான். மாதாவே, சீக்கிரம், சீக்கிரம் என்று அவள் முணுமுணுத்தாள்.

விமானம் காசோஸில் தரையிறங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

இனி யாரிடமும் பொய் சொல்ல வேண்டாம். அந்த நினைப்பு வந்த பிறகுதான் அவளுக்கு உண்மையான பயம் பிடித்தது. இதுவரை அவன் தூங்கிக்கொண்டிருந்தான். கதவைத் தாண்டினால் அவன் செத்தவன். இன்னும் கொஞ்சம் பறந்தால் என்ன, இது என்ன தூரமென்று ஒரு தூரம்!

"ஐயாவ எழுப்புங்கம்மா," என்றாள் பணிப்பெண்.

"என்ன அவசரம்? அவன் எப்பவும் மெதுவாத்தான் எந்திரிப்பான்," என்றான் மினாஸ். மற்றவர்கள் இறங்கிப் போனார்கள். அவன் குனிந்து, "மதினி, பெல்ட்ட நான் கழட்டவா?" என்றான்.

"கொஞ்ச நேரம் போகட்டும்."

மினாஸ் மறுபடி உட்கார்ந்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அப்புறம் கேளுடா நிகீதா," என்று ஆரம்பித்தான்.