உள்பக்கம் பார்த்த பெயர்

தகடு மடிந்து எழுந்து நின்ற பிறகுதான் சத்யராஜுக்கு விழிப்பு வந்தது. கண்ணை மூடித் தூங்கினான் என்று சொல்ல முடியாது. சாப்பாட்டுக்குப் பிறகு முசரவாக்கம் பட்டறையில் எல்லோர் மேலும் கவிகிற அரைமயக்கம்தான். தகடு மடிக்கிற பெண்டிங் மிஷினின் கத்தி மேலிருந்து மெதுவாக இறங்கும், தகடு லேசாக முனகும், விளிம்பு தானாக எழுந்து நிற்கும். பன்னிரண்டு வருஷம் அதையே பார்த்ததில், கண்ணைத் திறந்துகொண்டே கனவு காணப் பழகியிருந்தான். இன்று கனவில் அவன் கட்டிய புதுவீட்டு வாசல் வந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று, தலையைத் தூக்கி, ரேணுகாம்பாள் என்று அவன் மனைவியின் பெயரை வாய்விட்டுப் படித்துவிட்டுப் போனார்கள்.

விழித்துப் பார்த்தால், கையிலிருந்த தகட்டில் அந்தப் பெயர் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திரும்பி ஓடிக்கொண்டிருந்தது.

மிஞ்சிய தகட்டில் வருஷத்துக்கொரு முறை வீட்டுக்கு ஏதாவது செய்துகொள்ளலாம் என்பது பட்டறை வழக்கம். சத்யராஜ் பெயர்ப்பலகை கேட்டான். லேசர் வெட்டு மிஷினைப் பார்க்கிற சுகாசினிதான் எழுத்துகளை வரைந்து வெட்டிக் கொடுத்தாள். சுழிக்குள் இருக்கிற துண்டு உதிர்ந்துவிடாமல் நூல் கனத்துக்கு இணைப்பு விட்டு, அவ்வளவு பொறுமையாகச் செய்திருந்தாள். நாலு விளிம்பையும் மடிப்பதுதான் இவன் வேலை. பளபளக்கும் முகத்தைக் கீழே வைத்து மடித்தால் அது வெளிப்பக்கமாகும். அது கைக்குத் தெரிந்த பாடம், கண்ணைக் கேட்காமலே செய்யும். ஆனால் இந்தத் துண்டு ரேக்கில் கவிழ்ந்து கிடந்திருக்கிறது, சுகாசினி அதை அப்படியே எடுத்து வைத்து வெட்டிவிட்டாள். மங்கலான பக்கமிருந்து பார்த்தால்தான் எழுத்து நேராக வரும். பாழாய்ப்போன கை வழக்கம்போல் பளபளப்பைத் தடவிப் பிடித்துக் கீழே வைத்துவிட்டது.

நிமிர்த்தினால் மடிப்பில் விரிசல் விடும். "இந்தக் கனத்துல வேற துண்டே இல்லண்ணா" என்றாள் சுகாசினி. மறுநாள் காலையில் வீட்டில் பால் காய்ச்சுகிறார்கள்.

ரேணுகாம்பாள் காஞ்சிபுரத்தில் கமலவேணி வீட்டில் பதினோரு வருஷமாகப் பட்டு இழை சுற்றுகிறாள். அங்கே அவளுக்குப் பெயர், அவள் ஊரின் பெயரான 'ஐயம்பேட்டை'. ஐயம்பேட்டை, இங்க வாம்மா. ஐயம்பேட்டை, அந்தச் சிவப்பை எடு. திட்டுவதில்லை, அன்பாகத்தான் கூப்பிடுவார்கள். ரேஷன் கார்டில்கூட அவள் சத்யராஜின் மனைவிதான். வீட்டுக்கு அவள் கேட்டது ஒன்றே ஒன்று. கமலவேணியம்மா வந்து வாசலில் நின்று தன் பெயரைப் படிக்க வேண்டும். பையனின் காதுகுத்துக்கு வந்தபோது ஆட்டோவை விட்டு இறங்காமலே பையைக் கொடுத்து, தண்ணீரும் வேண்டாமென்று திரும்பிப் போனவள் கமலவேணி. அவர்கள் வீட்டு ஆட்கள் இந்தத் தெருவில் யார் வீட்டுக்குள்ளும் வந்ததில்லை. ஏனென்று யாரும் கேட்டதுமில்லை.

பழைய வேட்டியில் சுற்றிய தகட்டை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்தான் சத்யராஜ். வழியெல்லாம் வெயில் மஞ்சளாகக் கரைந்துகொண்டிருந்தது. ஐயம்பேட்டை வராமலே இருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. இறங்கியதும் ரேணுகாம்பாளிடம் உள்ளதைச் சொல்லிவிட்டான். அவள் முகம் சுண்டிப்போனது. இருந்தாலும் மாட்டு என்றாள். கதவுக்கு மேலே காற்றுக்கு விட்டிருந்த திறப்பு வெளியே அகலம், உள்ளே குறுகல். மடிப்புகள் அதற்குள் நுழைந்தால்தான் தகடு நிற்கும். திருப்பி மாட்டவும் வழியில்லை.

மாட்டி முடித்ததும் ரேணுகாம்பாள் தெருவில் நின்று பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழப் போகிறாள் என்றே சத்யராஜ் நினைத்தான். ஏணியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.

வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது. முதல் வகுப்புப் பிள்ளை படிக்கிற மாதிரி, ஒவ்வொரு எழுத்தாக. ரே. ணு. கா. பிறகு கதவு திறந்தது.

"உள்ள வந்து பாருய்யா. வெளிச்சத்துல எவ்ளோ நேரா இருக்குது."

"நாளைக்கு அந்தம்மா வருவாங்களே?"

"படிக்கணும்னா உள்ள வரட்டும்பா."

மறுநாள் பால் பொங்கி, வந்தவர்களெல்லாம் உள்ளே அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது ஆட்டோ வந்து நின்றது. கமலவேணி இந்த முறை இறங்கினாள். ஆட்டோவை அணைக்க வேண்டாமென்று சொன்னாள். வாசலுக்கு வந்து, கொண்டுவந்த தாம்பாளத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, மேலே பார்த்துக் கண்ணைச் சுருக்கினாள்.

"இன்னாம்மா எழுதியிருக்குது? ஒண்ணும் புரியலியே."

ரேணுகாம்பாள் தாம்பாளத்தை வாங்கக் கையை நீட்டவில்லை. கூடத்தின் நடுவில் நின்றபடியே சொன்னாள்.

"இங்கயிருந்து பாத்தாதான் தெரியும்மா."

தெருவில் ஆட்டோ உறுமிக்கொண்டிருந்தது. கமலவேணி திரும்பி அதைப் பார்த்தாள். மறுபடி அந்த எழுத்துகளைப் பார்த்தாள். பிறகு கதவுநிலையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, இடது காலை மட்டும் செருப்பிலிருந்து மெல்ல உருவினாள்.