பின் சீட்டு டிரைவர்

அரிகிருஷ்ணன் குடித்த பிராந்தியெல்லாம் ஒரு தை மாதத்திலிருந்து அவருடைய டிரைவர் ஜோஷ்வாவுக்கு ஏறத் தொடங்கியது. காரணம் இரண்டு வீட்டுக்கும் தெரியும். ஊரப்பாக்கத்து வயல்களை மனை போட்டு விற்ற நாளிலிருந்து அரிகிருஷ்ணனுக்கு மதியச் சாப்பாடு பாரில்தான். அவர் மனைவி ஹேமாவதி ஒன்பது சனிக்கிழமை திருநீர்மலை படியேறி, புருஷன் போதையோடு வீட்டுக்குள் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டாள். குடியையே விடவேண்டும் என்று கேட்டிருக்கலாம். பெருமாளுக்கு எதற்கு அவ்வளவு சிரமம் என்று விட்டுவிட்டாள். அவரைக் குறை சொல்வதற்கில்லை, கேட்டதை அப்படியே கொடுத்தார்.

போதை எங்காவது போகவேண்டுமே. பம்மல்காரனான ஜோஷ்வா குடியைத் தொட்டதே இல்லை. குடித்து ஓட்டினால் பத்தாயிரம் அபராதம் என்று ஆன பிறகு, அதற்காகவே அவனைத் தேடிப் பிடித்திருந்தார் அரிகிருஷ்ணன். அவர் உள்ளே மூன்றாவது ரவுண்டை முடிக்கும்போது, வெளியே காரில் தயிர்சாதம் தின்றுகொண்டிருப்பவனுக்கு நாக்கு குழறும். ஒரு நாள் மாலை நாலு மணிக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் போலீஸ் வண்டியை ஓரங்கட்டியது. ஜோஷ்வா ஊதினான், நூற்று நாற்பது. முப்பதைத் தாண்டினாலே வழக்கு. அரிகிருஷ்ணனையும் ஊதச் சொன்னார்கள், பூஜ்யம். வேறு கருவி கொண்டுவந்தார்கள், அதிலும் பூஜ்யம்.

“இப்டி ஒரு ஓனர்கிட்ட வேலை செஞ்சிகினு, குடிச்சிட்டு ஓட்றியே, வெக்கமா இல்ல?” என்றார் இன்ஸ்பெக்டர். கூட வருபவருக்கும் அபராதம் உண்டுதான். ஆனால் இவ்வளவு ஒழுக்கமான மனுஷருக்கு எப்படிப் போடுவது? நாற்காலி போட்டு டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

கோர்ட்டில் பத்தாயிரம் கட்டச் சொல்லி, லைசென்ஸை ஆறு மாதம் முடக்கினார்கள். ஜோஷ்வாவுக்கு வேறு தொழில் தெரியாது. அவன் மனைவி ஷீலா நேராக ஹேமாவதியிடம் போய், வேண்டுதலைத் திரும்ப வாங்கச் சொன்னாள்.

“எம் புருசன் ஒரு சொட்டு தொட்டதில்ல, அக்கா. உங்க வூட்டு போதை எங்க வூட்டுக்கு வந்துகினு கீது.”

ஹேமாவதிக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் இருபது வருஷத்தில் இப்போதுதான் புருஷன் வாசலில் தள்ளாடாமல் செருப்பைக் கழற்றுகிறார். வேலையும் போகாது, சம்பளமும் குறையாது என்று சொல்லி அனுப்பினாள். சொன்னபடியே நடந்தது. அன்று முதல் அரிகிருஷ்ணன் காரை ஓட்டினார், ஜோஷ்வா பின் சீட்டில் முதலாளி மாதிரி சாய்ந்து கிடந்தான். குடித்துவிட்டு ஓட்டினால்தான் சட்டத்தில் தண்டனை. குடித்ததை இன்னொருவன் உடம்பில் ஏற்றிவிட்டு ஓட்டினால் ஒன்றும் இல்லை. செக்கிங்கில் சல்யூட் வைத்து அனுப்பினார்கள்.

ஆறு மாதம் கழித்து லைசென்ஸ் திரும்பி வந்தது. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஜோஷ்வா பின் சீட்டிலேயே ஏறினான். மூன்றாம் வருஷம் ஸ்கேனைப் பார்த்த டாக்டர், இனியாவது குடியை நிறுத்து என்று திட்டினார். பங்குனியில் செத்துப்போனான். குடித்தே செத்தான் என்று கல்லறைத் தோட்டத்தில் பேசிக்கொண்டார்கள். ஷீலாவுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் இருந்தது. அரிகிருஷ்ணன் மாலையோடு வந்தார், தெளிவாக இருந்தார்.

துக்கத்துக்காக மூன்று நாள் குடிக்காமலும் இருந்தார். நாலாம் நாள் காலையில் தாம்பரம் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது: டிரைவர் தேவை. குடிப்பழக்கம் அறவே கூடாது. லைசென்ஸ் அவசியமில்லை. மதியத்துக்குள் ஆள் கிடைத்துவிட்டது.