நொட்டாங்கை பெர்சியஸ்

பாறையில் கட்டுண்டு நிற்பதுதான் என் பிழைப்பு. என் கணவர் அனத்தோல் செப்புத் தகட்டில் கோடு கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டுப் படம் போடுபவர். பேரரசரின் பாரிஸுக்குப் புராணப் பெண்கள்தான் பிடிக்கும். மாடலுக்கு வேறு ஆள் பிடிக்க எங்களுக்கு வக்கில்லை. அதனால் எல்லாப் படத்திலும் நான்தான் அழுதுகொண்டிருப்பேன்.

இந்த முறை ஆண்ட்ரோமெடா. கடல் பூதத்துக்குப் பலியாகப் போகிறவளைப் பெர்சியஸ் பறந்து வந்து காப்பாற்ற வேண்டும். பெர்சியஸாக ஓசியில் நிற்க ஒப்புக்கொண்ட கசாப்புக்காரன், தன் தங்கை கல்யாணத்தில் குடித்து மட்டையாகிவிட்டான். "நான் நிக்கறேன்யா," என்றேன். தலையில் சூப்புப் பானை, கையில் வாளுக்குப் பதில் அடுப்புக் கிளறும் கம்பி. மேஜைமேல் ஏறி ஓங்கினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் என்றுமே நின்றதில்லை.

அச்சுக்கூடத்தில் அச்சுக்காரர் ஒனேசிம் உருளையைச் சுற்றி, ஈரத்தாளை மெல்ல உரித்தெடுத்தார். பார்த்ததும் சிரித்தார்.

"என்னப்பா அனத்தோல், உன் வீரன் நொட்டாங்கையனா? பூதம் சிரிச்சே செத்துரும்."

படத்தில் வாள் இடக்கையில் இருந்தது. அனத்தோலின் முகம் வெளுத்தது. தகட்டில் கீறுவது தாளில் இடம் வலமாக மாறி விழும். அதற்காகவே ஆளை நேராகப் பார்க்காமல் கண்ணாடியில் பார்த்து வரைவார்கள்.

"கண்ணாடிய மறந்துட்டேன் போல. கத்துக்குட்டி கூட இப்படிப் பண்ண மாட்டான். இத கண்காட்சிக்கு அனுப்பினா நடுவருங்க மானத்த வாங்கிருவாங்க."

சுரண்டியை எடுத்தார். அந்தக் கையை வழித்துவிட்டுப் புதிதாய் வரையப் போகிறார். அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். நான் காப்பாற்ற ஓங்கிய ஒரே கை அது.

"தொடாதய்யா. கண்ணாடியப் பாத்துத்தான் வரைஞ்ச. நானே பாத்தேன்."

"பின்ன எப்படிடி இடக்கைல வரும்?"

"நான் இடக்கைலதான் ஓங்கினேன், கண்ணாடில அது வலக்கையாத் தெரிஞ்சிருக்கும். நான் நொட்டாங்கைக்காரி."

"யாரு, நீயா க்ளோதில்த்? சாப்பிடறது, எழுதறது எல்லாம் வலக்கைலதான?"

"அது மடத்துப் பள்ளிக்கூடத்துல கன்னியாஸ்திரீங்க அடிச்சு மாத்துனது. கோவம் வந்தாலும், எதையாச்சும் ஓங்கினாலும் இதுதான் எந்திரிக்கும். இத்தன வருஷமா என்னப் பாத்துத்தான வரையற, இது தெரியலயா?"

அவர் என் இடக்கையைப் பார்த்தார்.

"எப்படித் தெரியும்? எப்பவும் கையக் கட்டிப் போட்டுட்டுல்ல வரைஞ்சேன்," என்றார். சுரண்டியைக் கீழே வைத்தார். "அண்ணே, அடுத்த தாளப் போடுங்க."

"நடுவருங்க சிரிச்சா?" என்றார் ஒனேசிம்.

"வீட்டுக்கு அனுப்புங்க. அடுப்புக் கம்பி அங்கதான் இருக்கு," என்றேன் நான்.