அம்மாவுக்கு வந்த வகை

வீட்டில் அவளைச் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பதை நெருங்கியும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. அக்காவைப் பார்க்கிறவர்கள் எல்லாம், "அப்படியே அம்மாவை உரிச்சு வச்சிருக்கா" என்பார்கள். சின்னவளிடம் வந்ததும் அந்தப் பேச்சு நின்றுவிடும். அவள் அப்பாவின் அச்சு. அதே மூக்கு, அதே அகலமான பாதம், கோபம் வந்தால் அதே ஊமைத்தனம்.

அம்மா போனபோது அவளுக்கு ஆறு வயது, அக்காவுக்குப் பதினான்கு. அதனால் அக்காவிடம் அம்மா முழுசாக இருந்தாள். எதற்குச் சிரிப்பாள், எதற்குத் திட்டுவாள், எந்தப் பாட்டை எந்த இடத்தில் தப்பாகப் பாடுவாள் என்பதெல்லாம் அக்காவுக்கு அத்துப்படி. சின்னவளிடம் மிஞ்சியது இரண்டே காட்சி. கொடியில் ஈரத்துணி போடும் ஒரு முதுகு. காய்ச்சலில் நெற்றியில் வைத்த ஒரு கை. அந்தக் கை சில்லென்று இருந்ததை ஒருமுறை அக்காவிடம் சொன்னாள். "காய்ச்சல்ல ஏதாவது கனவு கண்டிருப்பே" என்று அக்கா சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்த இரண்டையும் அவள் யாரிடமும் எடுத்துக் காட்டியதில்லை.

சின்னவளுக்கு வேலை, கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. பக்கத்து இருக்கையில் அமர்ந்துகொள்வாள். அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. பதறிப்போய் எதையாவது மிதிக்கிறவர்களிடம், "நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க, என் பக்கமும் பிரேக் இருக்கு" என்பாள். மார்பில் கட்டி என்று தெரிந்து, ஊசி போட்டுச் சதையெடுத்துப் பார்த்து, புற்றுநோய்தான் என்று டாக்டரம்மா சொன்னபோது அவள் வாயில் வந்த முதல் பேச்சு, "இந்த வண்டியில என் பக்கம் பிரேக் இல்லையே" என்பதுதான்.

"இருக்கு" என்றார் டாக்டரம்மா. "மார்பகப் புற்றுநோய்னு ஒரே பேரைச் சொல்றோமே தவிர, உள்ளே போய்ப் பார்த்தா வேற வேற ஆளுங்க. சிலது உடம்புல சுரக்கிற ஹார்மோனைத் தின்னு வளரும். சிலதுல ஹெர்-டூன்னு ஒரு புரதம் கணக்கு வழக்கில்லாம முளைச்சிருக்கும். சிலதுல இது ரெண்டுமே இருக்காது. உங்களுது ஹெர்-டூ வகை. முன்னெல்லாம் ரொம்பப் பொல்லாதது. இப்ப அந்தப் புரதத்தையே குறி வச்சு அடிக்கிற ஊசி இருக்கு."

"எங்கம்மாவுக்கும் இதே நோய்தான். இதே ஆஸ்பத்திரியிலதான் ஆபரேஷன் பண்ணாங்க. அது எந்த வகை?"

"அப்ப இப்படிப் பிரிச்சுப் பார்த்திருக்க மாட்டாங்க."

மரபணுச் சோதனைக்கு அவள் ரத்தம் போனது. அம்மா வழியாகவோ அப்பா வழியாகவோ இறங்கி வந்த கோளாறு என்று எதுவும் அதில் தென்படவில்லை. கேட்ட அக்கா அங்கேயே நாற்காலியில் சரிந்து அழுதாள். அவளுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். ஒரு மாதமாக வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தவள். சின்னவள் அக்காவின் முதுகைத் தடவிக் கொடுத்தாள். ஆனால் அவள் முகம் தொங்கிப்போனதை டாக்டரம்மா கவனித்துவிட்டார்.

"உங்கம்மா வகையைத் தெரிஞ்சுக்கணும்னு இருக்கா?" என்று கேட்டார். "சிகிச்சைக்கு அது தேவையில்ல. ஆனா வெட்டியெடுத்த திசுவை மெழுகுல பதிச்சு வச்சிருப்பாங்க. இந்த ஆஸ்பத்திரியில எதையும் தூக்கிப் போடுறதில்ல. தேடினா கிடைக்கலாம்."

அம்மாவின் உடம்பு மண்ணோடு போய் எத்தனையோ வருஷம். புடவைகள் நைந்து போயின. குரலைப் பதிவு செய்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை. இப்போது, தான் உட்கார்ந்திருக்கும் இதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில், ஏதோ ஓர் இழுப்பறைக்குள் அம்மா ஒரு துளி இருக்கிறாள் என்று கேட்டதும் சின்னவள் குனிந்து தரையைப் பார்த்தாள். அதன் பிறகு கையில் மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதெல்லாம் அவள் மனசு கீழ்த்தளத்திலேயே அலைந்தது.

அக்காவுக்குப் பிடிக்கவில்லை. "எதுக்குடி இப்ப அதைக் கிளறணும்? தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?"

"உனக்கென்ன, கண்ணாடியைப் பார்த்தா அம்மா நிக்கிறா. எனக்கு?"

"அதுக்காக? யாராவது கேன்சரைப் போய் அம்மா வீட்டுச் சீதனம்னு கேட்பாங்களா?"

"நான் கேட்கிறேன். அது ஒண்ணாவது அவகிட்டேருந்து வந்ததா இருக்கட்டுமே."

அக்கா அவளை வெறித்துப் பார்த்தாள். பிறகு, "பைத்தியம்" என்று சொல்லி, முடி கொட்டிய அந்தத் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

கணவர் என்கிற முறையில் அப்பாவின் சம்மதம் வேண்டியிருந்தது. எதற்கு, ஏன் என்று அவர் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்துபோய்த் தோட்டத்துச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். காலையில்தான் ஊற்றியிருந்தார்.

சில வாரங்களுக்குப் பிறகு திசு ஆய்வுக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். அங்கிருந்த டாக்டர், ஓய்வு பெறும் வயதை எட்டியவர், பேசும்போதே மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பவர். அது அவர் நெற்றியிலேயே இருந்தது. மேஜைமேல், தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு வெள்ளை மெழுகுக் கட்டி. நடுவில் விரல்நகம் அளவுக்கு மங்கலான ஒரு திட்டு.

"தொட்டுப் பார்க்கலாமா?"

"பார்க்கலாம். அழுத்தாதீங்க."

உள்ளங்கையில் வாங்கினாள். கனமே இல்லை. இதுதான் அம்மாவைக் கொன்றது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் இது அம்மாவின் உடம்பு. வெறுப்பதா, கன்னத்தில் ஒற்றிக்கொள்வதா என்று தெரியாமல் கையை விரித்தபடியே நின்றாள். கை வியர்ப்பதைப் பார்த்து டாக்டரே மெதுவாக எடுத்துக்கொண்டார்.

அதிலிருந்து சீவிய மெல்லிய படலத்துக்குச் சாயம் ஏற்றி, உருப்பெருக்கியில் வைத்திருந்தார். "முதல்ல உங்களுதைப் பாருங்க." சின்னவள் குனிந்தாள். ஒவ்வொரு உயிரணுவைச் சுற்றியும் பழுப்பு நிறக் கோடு. கம்பி வலையை விரித்துப் போட்டதுபோல் இருந்தது. "இதுதான் ஹெர்-டூ. இனி அம்மாவுது. அதே சாயம்தான்."

வலை இல்லை. வெளிறிய அணுக்கள் வெறுமனே நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. டாக்டர் இன்னொரு கண்ணாடித் துண்டை மாற்றினார். இப்போது ஒவ்வொரு அணுவின் நடுவிலும் அழுத்தமான பழுப்புப் பொட்டு. "இவ்வளவு பழசு, சாயம் பிடிக்குமான்னு பயந்தேன். நல்லாவே பிடிச்சிருக்கு. இது ஹார்மோன் வகை. உங்களுக்கு வந்தது வேற, அவங்களுக்கு வந்தது வேற. நிம்மதியாப் போங்க."

அவள் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. போகிற நர்ஸ் ஒருத்தி நின்று, "ரிசல்ட் சரியில்லையா?" என்று கேட்டாள். "நல்ல ரிசல்ட்தான்" என்று சொல்லி மேலும் அழுதாள். நோயில்கூட அவள் அம்மாவின் மகள் இல்லை.

அடுத்த ஊசிக்குப் போனபோது டாக்டரம்மாவிடம் இதை மறைக்காமல் சொன்னாள். அவர் அவளுடைய காகிதங்களை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"உங்கம்மாவுக்கு நோய் வந்தப்ப உங்களுக்கு என்ன வயசு?"

"ரெண்டுன்னு சொல்வாங்க."

"உங்களுக்கு வந்த வகை அவங்களுக்கு வந்திருந்தா, அப்ப அதுக்கு இந்த ஊசி இல்ல. நிச்சயமாச் சொல்ல முடியாது, ஆனா ஓரிரு வருஷம் தாண்டுறதே கஷ்டமா இருந்திருக்கும். உங்களுக்கு அம்மான்னா யாருன்னே தெரிஞ்சிருக்காது. ஹார்மோன் வகைக்கு அப்பவே ஒரு மாத்திரை இருந்துச்சு. வகை பிரிக்காமலேயே பலருக்குக் கொடுத்தாங்க. பொருந்தினவங்களுக்குக் கேட்டுச்சு. அம்மா நாலு வருஷம் இருந்திருக்காங்களே, மாத்திரை ஏதாவது சாப்பிட்டாங்களான்னு அப்பாகிட்ட கேளுங்க."

வெளியே அப்பா காத்திருந்தார். சின்னவளே காரை எடுத்தாள். கற்றுக்கொடுக்கிற கார் அது. பக்கத்தில் உட்கார்ந்த அப்பா, காலடியில் இருந்த பிரேக்கில் பட்டுவிடக் கூடாதென்று வழக்கம்போல முழங்காலை மடக்கி ஒடுங்கியிருந்தார். சிக்னலில் நின்றபோது கேட்டாள்.

"அப்பா, அம்மா தினமும் ஏதாவது மாத்திரை சாப்பிடுவாளா?"

அவர் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா பேச்சு வந்தால் எழுந்து போகிற மனிதர், காருக்குள் எங்கே போவார்?

"சின்னதா, வெள்ளை மாத்திரை" என்றார். "அட்டையிலேருந்து நீதான் பிதுக்கிக் கொடுப்பே."

"நானா?"

"வேற யார் கொடுத்தாலும் வாங்க மாட்டா. 'எங்கே என் டாக்டர்?'னு கத்துவா. நீ எந்த மூலையில விளையாடிட்டிருந்தாலும் ஓடியாருவே. அவ முழுங்கிட்டு நாக்கை நீட்டிக் காட்டணும், இல்லேன்னா நீ விட மாட்டே."

பச்சை விளக்கு விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். சின்னவள் வண்டியை ஓரம் கட்டினாள். கண்ணை மூடித் தேடினாள். அட்டை, கட்டைவிரல், நீட்டிய நாக்கு. எதுவும் வரவில்லை. நாலு வயதுக் குழந்தை ஒன்று ஓடிய ஓட்டமெல்லாம் எங்கோ போய்விட்டது.

"எப்படிக் கத்துவா? அவ மாதிரியே சொல்லுங்கப்பா."

"எனக்கெங்க அவ குரல் வரும்?"

"பரவாயில்ல, சொல்லுங்க."

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு, அந்த எழுபது வயது மனிதர், மேல்ஸ்தாயியில், கடைசியில் கொஞ்சம் இழுத்து, "எங்கே என் டாக்டர்?" என்றார். குரல் உடைந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று முதல் அவர் நாளுக்கொன்றாக ஏதேதோ சொல்லத் தொடங்கினார்.

அக்காவிடம் போனில் இதைச் சொன்னாள். "எனக்கு இது தெரியவே தெரியாதே" என்றாள் அக்கா. "நான் ஸ்கூல்ல இருந்திருப்பேன். ஏன்டி, என்னை ஒரு நாளாவது அவ டாக்டர்னு கூப்பிட்டிருக்கக் கூடாதா?"

ஒரு வருஷத்து ஊசிகள் முடிந்தன. கட்டி இருந்த இடம் தெளிவாக இருப்பதாகச் சொன்னார்கள். முடி முளைத்தது, கொஞ்சம் சுருட்டையாக. சின்னவள் மறுபடியும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, பதறுகிறவர்களுக்குத் தைரியம் சொல்லத் தொடங்கினாள். அம்மா கூப்பிட்டது அவளுக்கு இன்றுவரை நினைவுக்கு வரவில்லை. வராது என்றும் தெரியும். ஆனாலும் சாலையில் யாராவது, யாரையாவது, கடைசியில் கொஞ்சம் இழுத்துக் கூப்பிட்டால், அவள் திரும்பிப் பார்த்துவிடுகிறாள்.