வளர்கிற கதவுக்கு ஒரு கருவி

கண்ணாடிக்காரர் வீட்டில் அறுத்துப் பொருத்திய மரம் எதுவும் வளர்வதை நிறுத்தவில்லை. கதவுகள் ஆண்டுக்கு ஒரு விரல் அகலம் பெருத்தன. அலமாரித் தட்டுகள் ஒன்றையொன்று நெருங்கின. வீட்டை விற்றவர், மேல்நிலைத் தொட்டி நிரம்ப எவ்வளவு நேரமாகும் என்று சொன்ன அதே குரலில் இதையும் சொல்லியிருந்தார். சமையலறைக்குப் பின்னால் ஒரு அறை இருந்ததாகவும், கதவும் நிலையும் கூடி ஒரே பலகையாகிவிட்டதால் அது எங்கே இருந்தது என்று இப்போது தெரியாது என்றும் சொன்னார். மழைக்காலம் முடிந்ததும் ஒரு தச்சர் வந்து கதவுகளைச் சீவிவிட்டுப் போவார். அவர் தொழிலை விட்டு மகளோடு போய்விட்ட பிறகு, நாமே ஒரு மெஷின் வாங்கிக்கொள்ளலாம் என்றாள் மனைவி. பார்த்து வாங்க வேண்டும் என்றார் கண்ணாடிக்காரர். பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துபவர். காலையிலிருந்து மாலைவரை மற்றவர்கள் கண்முன் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, “இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டதா?” என்று கேட்பது வேலை. ஊரே அவரிடம் பட்டென்று பதில் சொல்லிற்று. அவரால்தான் எதற்கும் பதில் சொல்ல முடியவில்லை. மரம் அறுக்கும் மல்டி டூல்களைப் பற்றி அவர் படிக்காதது இல்லை. வயர் வைத்ததா, பேட்டரியா, பிளேடை மாற்றச் சாவி வேண்டுமா, வேண்டாமா என்று சாப்பாட்டுத் தட்டில் கை காயும்வரை யோசித்தார். அப்படியே இரண்டு மழைக்காலங்கள் போயின.

மூன்றாவது மழைக்காலம் முடிந்த ஒரு காலையில், மனைவி உள்ளறையில் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தபோது, சாத்தியிருந்த கதவு நிலையோடு இறுகிக்கொண்டது. லாரி ஓட்டும் அவள் தம்பி உளியும் சுத்தியலுமாக வந்து இறங்கினான்.

“தள்ளுங்க மாமா. ரெண்டே அடி.”

ஒரு அடிதான் அடித்தான். வீடு முழுவதும் வலியில் பல்லைக் கடித்தது போல எல்லாக் கதவுகளும் நெரிந்தன. அடுக்களை இழுப்பறைகள் தாமாக மூடிக்கொண்டன. உள்ளறை ஜன்னல், ஒரு தட்டைச் சாய்த்து நுழைக்கும் அளவுக்குச் சுருங்கிப்போனது.

“டேய், இன்னொரு அடி அடிச்சே, வெளிய வந்து உன்னை அடிப்பேன்” என்றது உள்ளிருந்து குரல்.

“நீ வெளிய வர்றதா இருந்தா வாங்கிக்கிறேன்க்கா.”

அதன்பின் அந்த வீட்டில் யாரும் சுத்தியலைத் தொடவில்லை. சாப்பாடு ஜன்னல் வழியாகப் போயிற்று. கதவு இடுக்கு வழியாகத் தைத்த சட்டைகள் வெளியே வந்தன. இடுக்கு குறுகக் குறுகக் கைக்குட்டை அளவுத் துணி, பிறகு நாடா, கடைசியில் நூல் மட்டும். மாலையில் வேலை முடிந்து வந்து அவர் கதவருகே உட்கார்ந்து நூலின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வார். மறுமுனை அவள் கையில். அவள் ஒருமுறை இழுப்பாள். நெடுநேரம் கழித்து அவர் ஒருமுறை இழுப்பார். அவர்களுடைய மணவாழ்க்கையில் அவ்வளவு நீளமான பேச்சு அதற்குமுன் நடந்ததில்லை. ஒருநாள் அவர் இழுத்தபோது நூல் வரவில்லை. மரம் அதைக் கவ்வியிருந்தது. சமையலறைக்குப் பின்னால் தொலைந்துபோன அறையை அவர் நினைத்துக்கொண்டார். நிலையின் ஓரமாகப் பெயர்ந்து கிடந்த சட்டத்துண்டு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு கருவிக் கடைக்கு நடந்தார். வழியெல்லாம் அது பைக்குள் புரண்டது.

கடைக்காரம்மா மூன்று மல்டி டூல்களை மேசைமேல் வைத்தாள். எதிலும் பிளேடு சுழலாது. இருந்த இடத்திலேயே இப்படியும் அப்படியும் கண்ணுக்குத் தெரியாமல் நடுங்கும். அதனால்தான் கதவைக் கழற்றாமலே, சுவரை ஒட்டியும் மூலைக்குள்ளும் அறுக்க முடிகிறது என்றாள். அவர் படித்ததிலெல்லாம் முதலிடம் பிடித்த பெரிய மெஷினை முதலில் ஓட்டினார். சட்டத்துண்டு மரவட்டைபோல் சுருண்டுகொண்டது.

“பயப்படுது பாருங்க” என்றாள் கடைக்காரம்மா, பழம் கனியவில்லை என்பதுபோல.

மலிவானதை ஓட்டினார். அதன் அதிர்வில் பாதி பிளேடுக்குப் போகவில்லை, அவர் மணிக்கட்டுக்கு வந்தது. துண்டு வியர்த்துப் பிசின் விட்டது. மூன்றாவது மெஷின் பேட்டரியில் ஓடுவது, கைக்கு அடக்கமானது. பிளேடை ஒரு நெம்பில் மாற்றலாம். வேகத்தைத் திருகிக் குறைத்தால் தேனீ கூட்டுக்குள் நுழைவதுபோல மெல்ல முனகித் தொடங்கும். பழக்கம் விடாமல் அவர் வாய் கேட்டது: “இது நல்லா இருக்கா, முன்னாடி வச்சதா?” துண்டு நீட்டி நிமிர்ந்து, பிளேடின் பக்கம் தானாகச் சாய்ந்தது.

“ரெண்டு நாள் யோசிச்சு வாங்க. ஒண்ணும் அவசரமில்ல” என்றாள் கடைக்காரம்மா.

“இல்லைங்க, இதையே குடுத்துடுங்க” என்றார் கண்ணாடிக்காரர். மறுபடி யோசிக்காமல் அவர் வாங்கிய முதல் பொருள் அது.

வீட்டுக்கு வந்தபோது இடுக்கே தெரியவில்லை. கதவும் நிலையும் ஒரே மரமாக, புதிய பட்டையின் பளபளப்போடு நின்றன. எங்கே அறுப்பது என்று தெரியாமல் நூல் கவ்விக் கிடந்த இடத்தில் அவர் கையை வைத்தார். அங்கே ஒரு ஊசிமுனை எட்டிப் பார்த்தது. அதற்கு ஒரு சாண் கீழே இன்னொன்று, அதற்கும் கீழே இன்னொன்று. உள்ளிருந்து அவள் பழைய இடுக்கைத் தடவித் தடவி, அது மறைவதற்குள் ஊசிகளால் நூலோட்டம் போட்டிருந்தாள். அவர் வேகத்தைக் குறைத்து வைத்து, ஊசியிலிருந்து ஊசிக்கு அறுத்தார். அந்த முனகலில் வீடு கண்ணயர்ந்தது. நிலைகள் தளர்ந்தன, இழுப்பறைகள் வாய் திறந்தன, எங்கோ உத்தரம் ஒன்று பெருமூச்சு விட்டது.

“இன்னும் கொஞ்சம் உங்க பக்கம்” என்றாள் அவள், அளவெடுக்கும் குரலில். “அவ்வளவுதான். இப்ப நேரா வாங்க.”

கதவு ஒரு விரலால் தள்ளத் திறந்தது. தலைமுடியில் மரத்தூளோடு அவள் வெளியே வந்து, முதலில் மெஷினைக் கையில் வாங்கி எடை பார்த்தாள். அறுத்த ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினாள்.

“நல்லாத்தான் வாங்கியிருக்கீங்க” என்றாள் கடைசியில்.

அன்றிலிருந்து மழை முடிந்ததும் அவள் ஊசி குத்துகிறாள், அவர் அறுக்கிறார். மெஷினை எடுக்கும் சத்தம் கேட்டதுமே, சொறிந்துவிடக் கழுத்தை நீட்டும் மாடுபோலக் கதவுகள் தாமாகச் சாய்ந்து தருகின்றன. முதலில் அறுத்த கீற்றுகளைக் கொல்லையில் போட்டிருந்தார்கள். அடுத்த ஆண்டுக்குள் அவற்றில் ஒன்று கீலும் தாழ்ப்பாளுமாக முழுக் கதவாக வளர்ந்து நின்றது. புது வீடு கட்டிக்கொண்டிருந்த தம்பி லாரியோடு வந்து அதைக் கேட்டான். ஏற்றும்போது கதவு வண்டிக்கு ஒரு விரல்கடை அகலமாக இருந்தது. அவன் சுத்தியலைத் தேடவில்லை. மாமாவிடம் மெஷினை வாங்கி, வேகத்தைக் குறைத்து வைத்து, கதவின் காதருகே குனிந்து, “இந்தப் பக்கம் எடுக்கட்டுமா, அந்தப் பக்கமா?” என்று கேட்டுவிட்டு, அது சாயும்வரை காத்திருந்தான்.